எக்பதானாவுக்குக் கீழே

அன்புள்ள அப்பா,

எட்மண்டனில் சுகமாக இருக்கிறீர்களா? அம்மா என் போனைப் பார்ப்பார். அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்துக்காக எக்பதானா என்ற பழைய பாரசீக நகரம் பற்றி எழுதுகிறேன். அதை மேதியர் என்ற பழைய இனத்தவர் கட்டினார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனால் அது இருந்த இடம் என்று சொல்லப்படும், ஈரானின் இன்றைய ஹமதானில் தோண்டியவர்களுக்குப் பெரும்பாலும் பின்னால் வந்தவர்களின் சுவர்கள்தான் கிடைத்தன. முதலில் இருந்தவர்கள் இன்னும் கீழேயா, வேறெங்கேயா என்று உறுதியாகத் தெரியாது.

அந்த நகரத்தின் வரைபடத்தை ஒட்டுவதற்காக என் அறை அலுமாரியை நகர்த்தினேன். பின்னால், சுவரில், பிள்ளைக்கு உயரம் அளந்த பென்சில் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அம்மாவின் எழுத்தில் என் பெயர். முதல் கோட்டுக்கு 2004 என்று போட்டிருக்கிறது. நான் பிறந்தது 2011. கடைசிக் கோட்டில் போன மாதத் திகதி. அது என் தலைக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது.

அம்மா வந்து பார்த்தார். கோபிக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லு பிள்ளை, அக்காவை இடிச்சுப் போடாதை" என்றார்.

நான் தள்ளி நின்றேன், அப்பா.

எனக்கு முதல் இந்த வீட்டில் யார் இருந்தது? வீட்டில் நின்ற நாட்களிலும் நீங்கள் இந்த அறைக்குள் ஒருநாளும் வராதது அதனாலா? அம்மாவிடம் கேட்க எனக்கு ஏலாது. நீங்கள் எழுதுங்கள்.

'உங்கள் ஒரே மகள்' என்று எழுதத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

உங்கள் மகள்