நிரம்பாத பள்ளம்

அன்புள்ள பொடிக்கு, உன்னை வளர்த்த சித்தப்பா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று கேட்கப் பேனா கூசுகிறது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். சித்திக்கு முட்டிவலி, எனக்கு வழக்கம்போல் புகழ். மீன்துறை அலுவலகத்துக்கு வந்த அமைச்சர் என் அளவுப் பலகையைப் பார்த்து அசந்துபோய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியது அவருடைய டிரைவர் என்று சித்தி சொல்லுவாள், நம்பாதே.

குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்று மாப்பிள்ளை சொன்னதிலிருந்து நீ சித்தியின் போனை எடுப்பதில்லை. அவளும் தினம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேலையா இருப்பா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, தெரிந்தது மீன், அதையே எழுதுகிறேன். படகில் வந்து இறங்கும் மீனை நான் ஒவ்வொன்றாகப் பலகையில் கிடத்தி நீளம் சொல்ல, ஆராய்ச்சி மேடம் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று கோடு போட்டால் மேடு மேடாக வரும். முதல் மேடு இந்த வருஷக் குஞ்சு, அடுத்தது போன வருஷத்தது, அப்படியே போகும். மீனின் வயசை அதை வைத்துத்தான் சொல்கிறோம், இதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று இங்கே பேச்சு. ஒரு வருஷம் முதல் மேடே வரவில்லை, அந்த வருஷக் குஞ்சு பிழைக்கவில்லை, மேடு வர வேண்டிய இடம் பள்ளமாகக் கிடந்தது. அடுத்த வருஷம் பள்ளம் நிரம்பிவிடும் என்று நான் எல்லாரிடமும் பந்தயம் கட்டாத குறையாகச் சொல்லித் திரிந்தேன். புதுக் குஞ்சு வந்தது, தனக்கென்று ஒரு மேடு போட்டது. பள்ளம் நிரம்பவில்லை, ஒரு இடம் தள்ளி அப்படியே இருந்தது. அது நிரம்பாதுண்ணே, கூடவே நகர்ந்து வரும் என்றார் மேடம்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். சித்தி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, மீனெல்லாம் கிழடான பிறகு என்னாகும் என்று கேட்டாள். கிழ மீன் அவ்வளவாக வளராது, மேடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், பள்ளம் வெளியே தெரியாது என்றேன். நமக்கும் அப்படித்தானே, அதை அவகிட்ட எழுதுங்க என்றாள். நீ எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் எங்களுக்கும் ஒன்று அப்படிப் போனதம்மா. இல்லாததையெல்லாம் சொல்லித் திரிகிற நான் இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இடத்தை நிரப்ப உன்னைச் சித்தி தூக்கிக்கொண்டு வரவில்லை. நீ உனக்கென்று வந்தாய்.

அடுத்தது பிறந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ம் கொட்டிவிட்டு நகர்ந்துவிடு. மாப்பிள்ளையும் பாவம், முகம் கொடுத்துப் பேசு. உன் உடம்பும் மனசும் மெல்லத் தேறட்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காதே, சித்தி நாளைக்கும் கூப்பிடுவாள். பேச வேண்டாம், எடுத்துக் காதில் வைத்துக்கொள், அவளும் பேசமாட்டாள்.

இப்படிக்கு,
டிரைவர் கைகுலுக்கிய
உன் சித்தப்பா