கையில் ஒட்டிய வேவுக்காரன்

மார்ச் 11, செவ்வாய்.

என் கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார், சென்னையிலிருக்கும் மகனின் போனிலும் அளவைக் காட்டுகிறது. மதியம் அந்தக் கையை அழுத்திப் படுத்துத் தூங்கிவிட்டேன். அதனால் அளவைத் தப்பாகக் குறைத்துக் காட்டியிருக்கிறது. மகன் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு ஜெயராணிக்குப் போன் செய்தான். அவள் ஓடிவந்து என்னை உலுக்கி எழுப்பி, "அண்ணாச்சி, மொதல்ல வாயத் தொறங்க!" என்று கடம்பூர் போளியைத் திணித்தாள். நன்றாக இருந்த மனுஷனுக்கு!

அரை மணியில் சர்க்கரை ஏறியது. உடனே மகன் எனக்குப் போன் போட்டு, "என்னத்தப்பா தின்னீங்க? இப்படி ஏறுதே!" என்று கத்தினான்.

தினமும் விரலைக் குத்த வேண்டியதில்லை, அது வசதிதான். ஆனால் கோபத்தில் ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதை அந்தக் கருவி அவனுக்குச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.