மேசையின் உயரம்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். அவள் கால்கள் மட்டும் பழையபடிதான், அவற்றையும் நலத்தில் சேர்ப்பதா என்று அவளையே கேட்டேன், சேர்த்தே எழுதுங்க, பாவம் அதுங்க என்ன பண்ணும் என்றாள். ஆகவே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் இருமல் விட்டதா?

முதலில் விஷயம். அம்மா ஓட்டுப் போட்டுவிட்டாள். போனில் பேசியபோது குரல் விட்டுவிட்டு வந்தது, நீ பாதிதான் கேட்டிருப்பாய், மீதியை எழுதுகிறேன். நம் தெருவுக்கு வாக்குச்சாவடி பள்ளிக்கூட மாடியில் என்பது உனக்குத் தெரியும். அம்மா நடக்க முடியாமல் போனபின் வந்த முதல் தேர்தலில் நாலு பையன்கள் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள், நல்ல பிள்ளைகள், கட்சிக்கு ஒருவராக. மேலே வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள், ஒருவர் படம் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும், என்னை நாலு பேர் தூக்கற நாள் ஒண்ணு வரும், அதுவரைக்கும் யாரும் தூக்க வேண்டாம் என்றாள். அடுத்த தேர்தலுக்கு வாசலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. விரலில் மையோடு வந்த என்னிடம் சாப்பிடறீங்களா என்று மட்டும் கேட்டாள். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஒரே ஒரு மாடி. அதற்கு மேல் நினைக்காமல் சாப்பிட்டேன்.

நீதான் சொன்னாய், தூக்க ஆள் தேடாதீங்கப்பா, அறையைக் கீழ இறக்கச் சொல்லுங்க என்று. எனக்குத் தோன்றவே இல்லை. என் வேலையில் ஆட்கள்தான் ஏறி இறங்குவார்கள், அறைகள் இறங்குவதில்லை. தெருமுனைச் சலூன்காரரிடம் போய்ச் சொன்னேன், எல்லோரும் வானொலி என்று கூப்பிடுவோமே, அவர்தான். அவர் கடையிலேயே சாயங்காலங்களில் கூடினோம், நானும் அம்மாவும் எல்லாக் கட்சிக்காரர்களும். ஒரே ஒரு விதி, கட்சிப் பேச்சை எடுப்பவர் அன்றைய டீ கிளாஸ்களைக் கழுவ வேண்டும். முதல் வாரம் முழுக்க வானொலியே கழுவினார். கழுவி அலுத்துப்போய், யார் ஜெயிச்சா என்னப்பா, முதல்ல எல்லாரும் போய்ச் சேரட்டும் என்றார். இந்த வாய்க்குத் தனியா ஒரு கிளாஸ் கழுவுங்க என்றாள் அம்மா. பிறகு மனு எழுதி, கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனோம். மூச்சு வாங்கும் தச்சர், நிறைமாத வயிற்றோடு தையல்காரி, கண் மங்கிய பழைய தபால்காரர், மாடிக்குப் பயந்தே போகாதவர்கள் இத்தனை பேரா என்று இருந்தது. ஒவ்வொருவரும் குறை தன் உடம்பில் என்றே நினைத்திருந்தார்கள். படிக்கட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

மனுவைக் கொண்டுபோனால் தேர்தல் அலுவலகமும் மாடியில். வானொலி வாங்கிக்கொண்டு ஏறப் போனார், அம்மா தரவில்லை. நான் இங்கயே இருக்கேன், அவரை வரச் சொல்லுங்க என்றாள். அதிகாரி வந்தார். இறங்குவதற்கே மூச்சு வாங்கினார், கனமான மனிதர். வாசித்துவிட்டு, மேல கேக்கணும்மா என்றார். எங்க கஷ்டமே மேலதான் சார் என்றார் வானொலி. அதிகாரி சிரித்துவிட்டார். ஆனால் கேட்டார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நமக்கு மட்டுமல்ல, ஊரில் மாடியில் இருந்த அத்தனை சாவடிகளும் கீழே வந்தன.

தேர்தலுக்கு முந்தின நாளே போய்ச் சாவடியைப் பார்த்தேன். வாசலில் தடுக்கும் படி இல்லை, சாய்வுப் பலகை ஆடவில்லை, கதவு சக்கர நாற்காலிக்கு வழிவிட்டது. திருப்தியாக வந்தேன். மறுநாள் அம்மா உள்ளே போனாள், ஓட்டுச் சீட்டு வாங்கினாள், மேசைப் பக்கம் திரும்பினாள். மேசை அவள் நெற்றி உயரம். நின்றுகொண்டு ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் போட்ட மேசை. லிஃப்டைச் சரியான தளத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது, அப்படியே பழகிய கண், கதவுக்கு அப்பால் பார்க்கவே இல்லை. சாவடிப் பொறுப்பில் இருந்தவர் ஒரு ஆசிரியை. விதியில இடமிருக்கும்மா, யாருக்குன்னு நீங்க சொல்லுங்க, ஐயா போடட்டும் என்றார். நானும் ஓர் அடி வைத்துவிட்டேன். அம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆனதுலேருந்து இவர்கிட்ட சொன்னதில்ல, இன்னிக்கா சொல்லப் போறேன் என்றாள். வரிசையில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. சீட்டு மடியில் கிடந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன்.

அது சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை. மூலையில் குட்டி மேசைகளை அடுக்கியிருந்தார்கள். ஆசிரியை அவற்றைப் பார்த்தார், கட்சி முகவர்களைப் பார்த்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்றார். எதிரெதிராக உட்கார்ந்திருந்த இருவர் எழுந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இந்த முறை தூக்கியது மேசையை. சுவரோரம் போட்டு அட்டைத் தடுப்பை அதன்மேல் வைத்தார்கள். அம்மா அதன் பின்னால் போனாள். எனக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவசரமே படவில்லை. வரிசை காத்திருந்தது. யாரும் கைதட்டவில்லை. அதற்காகவே அவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லத் தோன்றியது, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, வணக்கம் வைத்துவிட்டு வந்தேன். உனக்கு எழுதியாவது சொல்கிறேன்.

அடுத்த மனு மேசைக்கு. எல்லாச் சாவடியிலும் ஒரு தாழ்ந்த மேசை. அம்மா சொல்லச் சொல்ல வானொலி எழுதுகிறார்.

நீ வீடு மாறி மாதங்கள் ஆகின்றன, புது முகவரிக்கு ஓட்டை மாற்றினாயா என்று அம்மா கேட்கிறாள். கேட்கிறாள் என்பது மரியாதைக்கு எழுதியது. உடனே செய். போகிற இடமெல்லாம் உங்களுக்குக் கதவு திறக்கட்டும், கதவுக்கு அப்பால் இருப்பதும் கைக்கு எட்டட்டும். யாருக்குப் போட்டாள் என்று மட்டும் கேட்டு எழுதாதே. வரும் வழியில் நானே கேட்டுப் பார்த்தேன். கிளாஸ் கழுவறீங்களா என்றாள்.

ஆசிகளுடன்,
அப்பா