ஹார்ட்ஃபெல்ட் அனுதாபம்

போனவளுக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான், பொறுத்துக்கொள். உயிரோடிருக்கிற யாரிடமும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று மத்தியானம் உன் இரங்கல் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கறுப்புக் கரை போட்ட அட்டை. அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. வாசகசாலைச் சங்கத்தாரின் ‘ஹார்ட்ஃபெல்ட்’ அனுதாபம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தவர் காரியதரிசி வக்கீல் மாமாவேதான். தீர்மானத்தைத் தமிழில் நான் வாசிக்க வேண்டுமாம்.

“நீதானே அவ சிநேகிதி. பி.ஏ. வேற. எழுதினதை அப்படியே வாசி, கேட்டியோ? கூட ஒரு வார்த்தை வேண்டாம்.”

தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

கல்லூரியில் இந்த ‘ஹார்ட்ஃபெல்ட்’ என்ற சொல்லுக்காக நீ பெரிய அகராதியை இரண்டு கையாலும் தூக்கிவந்தாய். இதயம் என்கிற ‘ஹார்ட்’, உணர்ந்த என்கிற ‘ஃபெல்ட்’ இரண்டுமே இங்கிலீஷ்காரர்களின் ஆதிச் சொற்கள், லத்தீனில் கடன் வாங்கியவை அல்ல; ஒன்றாகக் கோத்தது மட்டும் வெகுகாலம் கழித்து என்று படித்துக் காட்டினாய்.

“இது அவா அடுக்களை வார்த்தைடி, கோர்ட்டு வார்த்தை இல்லே. மனசுல பட்டப்புறம்தான் வாய்க்கு வரணும்.”

மாமாவின் மனசில் என்ன பட்டதாம்? உனக்குக் காசம் என்று தெரிந்த அன்றே, நீ படித்து வாசகசாலைக்குத் திருப்பிய புத்தகங்களை இடுக்கியால் தூக்கி உன் வீட்டு வாசலில் போடச் சொன்னவர். நீ காப்பி குடித்த டம்ளரைக் குப்பையில் எறிந்ததை மாமி கோட்டைத் தெரு முழுக்கப் பெருமையாகச் சொன்னாள். அப்புறம் உன் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அந்த மனுஷர் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரியில் நடப்பார். ஜன்னலில் உட்கார்ந்து நீ சிரிப்பாய்.

“பாருடி, வக்கீலே ஒதுங்கி வழிவிடறார்! ஜட்ஜிக்குக்கூட இந்த மரியாதை கிடையாது.”

அதே அங்கவஸ்திரத்தால் நாளை கூட்டத்தில் கண்ணைத் துடைப்பார். நோய் ஒட்டாத தூரத்துக்கு நீ போன பிறகுதான் இவர்களுக்கு இதயம் வேலை செய்கிறது.

முன்வரிசையில் உன் அம்மா இருப்பாள். இங்கிலீஷ் தெரியாதவள், நான் தமிழில் சொல்வதுதான் அவளுக்குக் கேட்கும். வாசலில் கிடந்த புத்தகங்களைக் குனிந்து பொறுக்கினவளிடம், இவர்களுக்கு நெஞ்சு நிறைந்த துக்கம் என்று என் வாயால் சொல்வதா?

சொல்லப்போவதில்லை. அந்த வரி வந்ததும் தாளை மடித்துவிட்டு, அந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

ஆனால் நாலு பேர் நடுவில் என் குரல் எழும்பியதே இல்லை. வகுப்பில் எனக்காக எழுந்து பதில் சொன்னவள் நீ. உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஜன்னல் சிரிப்பு ஒன்றுதான்.

நாளைக்கு நான் தாளை மடிக்கும்போது, ஒரே ஒருதரம், என் காதில் அப்படிச் சிரிடி.