உன் மூச்சைக் கண்டுபிடித்தவன்

மச்சான்,

வாகனப் பரிசோதனைக்குக் கொடுப்பதற்கு முன்னர் இன்று காரைக் கூட்டித் துடைத்தேன். பின் சீற்றுக்குக் கீழே உன் மலையேறும் சப்பாத்து கிடந்தது. சேறு காய்ந்துபோய், நாடாவில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

அன்று காலை சுவிஸில், ஓல்டனில் உன் வீட்டு வாசலில், குனிந்து நாடா கட்ட உனக்கு மூச்சு வரவில்லை. நான் மண்டியிட்டுக் கட்டிவிட்டு, "மாப்பிள்ளை பாக்கப் போற நேரம் பொம்பிளைக்குப் பதட்டமோ?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. இதயத்துக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். மகளுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினாய். அவள் முதன்முதலாக ஒருவனைக் காட்டக் கூப்பிட்டிருக்கிறாள், அந்த நாள் குழம்பக் கூடாதாம். மடையன் மாதிரி நானும் ஓம் என்றேன்.

மகள் இருந்த எங்கடின் மலைப்பள்ளத்தாக்கு வரைக்கும் நான்தான் ஓட்டினேன். கணவாயின் வளைவுகளில் பாதையை விட உன் முகத்தைத்தான் கூடப் பார்த்தேன். நீயோ ஏரியைக் காட்டுகிறாய், பனியைக் காட்டுகிறாய், நிறுத்திப் படம் எடு என்கிறாய். நான் பகிடி விட்டுக்கொண்டே வந்தேன். பயந்தால் எனக்கு வாய் மூடாது, உனக்குத் தெரியும்.

உன் மகள் வேலை செய்த ஹோட்டலில்தான் அவள் காட்டக் கூப்பிட்டவனும் சமையல்காரனாக இருந்தான். நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்துப் பெடியன். நீ வழமையான கேள்வியைக் கேட்டாய்: எந்த ஊர், ஆர் பெத்த பிள்ளை? மகள் மொழிபெயர்த்தாள். அவன் நிமிர்ந்து நின்று முதலில் தன் மலையைச் சொன்னான், பிறகு ஆற்றை, முன்னோர் கடல் கடந்து வந்த தோணியை, பாட்டன் பாட்டியை. தன் பெயரைக் கடைசியாகத்தான் சொன்னான். "எங்கட ஆக்கள் தேப்பன்ர பேரோட நிப்பாட்டுவினம், இவன் தோணியையும் இழுத்துக்கொண்டெல்லோ வாறான்" என்றேன். அப்போதுதான் நீ சிரித்தாய். அவன் உன் தோளைப் பிடித்து, தன் நெற்றியையும் மூக்கையும் உன்னுடையதோடு வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். அவர்கள் வணக்கம் சொல்வது அப்படித்தான், மூச்சைப் பகிர்வது என்றாள் மகள்.

பிறகு, மகள் ஆசைப்பட்ட மலையேற்றம். ஏணி மாதிரிச் செங்குத்தாக, வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. மகள் முன்னுக்குப் போய்விட்டாள். நீ ஒவ்வொரு வளைவிலும் பூப் பார்ப்பதுபோல நின்றாய். உதடு கறுத்துவிட்டது. திரும்புவோம் என்று கெஞ்சினேன். "மருமோனுக்கு முன்னால நான் குந்த மாட்டன்" என்றாய். மகளைக் கூப்பிட வாயெடுத்தேன், உனக்குச் செய்த சத்தியம் தடுத்தது.

அப்போது அவன் திடீரென்று ஒரு கல்லில் குந்தி முழங்காலைப் பிடித்தான். பழைய விளையாட்டுக் காயமாம், இனி ஏற முடியாதாம். நீ ஆறுதல் சொல்லி, அவனைத் தாங்குவதாக நினைத்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து மெல்ல மெல்ல இறங்கினாய்.

கீழே நீ காரில் சாய்ந்திருந்தபோது, பின்னால் இறங்கி வந்த மகள் மேலே விட்டுவந்த ஜாக்கெற்றை எடுக்க அவன் அதே பாதையில் ஓடி ஏறினான். அவன் நொண்டாமல் ஓடுவதை நான் பார்த்தேன்; நான் பார்த்ததை அவனும் கண்டுவிட்டான். திரும்பி வந்து, உடைந்த ஜெர்மனில் மெதுவாகச் சொன்னான்: நெற்றி வைத்தபோதே உன் மூச்சு சரியில்லை என்று தெரிந்ததாம். தான் சொன்னால் உனக்கு வெட்கமாக இருக்கும், நான்தான் சொல்ல வேண்டுமாம்.

உன் மகளிடம் போனேன். "பிள்ளை, அப்பாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றேன். அன்றைக்கே அடைப்பை நீக்கி உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் தாங்கியிராது என்றார் டொக்டர்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தாய், அவர்களின் கலியாணமும் பார்த்தாய். ஆனால் சத்தியத்தை மீறிவிட்டேன் என்று முதல் இரண்டு மாதம் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. நீ வேலைக்குத் திரும்பிய அன்று, நாங்கள் இருவரும் வேலை செய்த முதியோர் இல்லத்துக் குசினியில் நான் வணக்கம் சொல்ல, முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிப்படியில் ஏறினாய். மூச்சு வாங்க ஒரு படியிலும் நிற்கவில்லை. நான் கரண்டியோடு கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தோடு கடகடவென்று ஏறிப்போன அந்த முதுகுதான், மச்சான், இன்னும் என்னோடு இருக்கிறது.