காரையூருக்குப் பிந்தி வந்த தண்ணீர்

செம்பாறை நாட்டு ஏரிகள் நிறைக! கோல் பிறழாத செங்கோடை மாதேவியார் ஆணைப்படி, அமைச்சர் பெருநாகனார் காரையூர்த் தலைவர் சேந்தன் தத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் ஊரின் உழவும் நெசவும் தழைக்க.

தீயணைக்க வைத்த மூன்று ஊர்ப் பொதுத் தீப்படையிலிருந்து காரையூர் விலகும் என்று நீவிர் விடுத்த ஓலை வந்தது. ஊருக்கொரு படை வைத்து, ஏருக்கும் தறிக்கும் ஆளின்றித் தவித்தமையால், காரையூர், நெடுமருதம், புன்னைவாயில் மூன்றுக்கும் ஒரே படை போதும் என்று தையில் முடிவாயிற்று. வைகாசியில் உம் தறித்தெரு எரிந்தது. தறி சாம்பலான பின்னர் வந்த படையினரிடம், வந்ததுதான் வந்தீர், சாம்பலையாவது அள்ளிப் போங்கள் என்று நெசவாட்டி கொற்றி கூறினாளாம். அதைக் கேட்டு இவ்வோலை விடுக்கும் அமைச்சர் வெட்கினார்.

ஆயினும் இருபது ஆள், நான்கு வண்டி, நல்ல காளைகள் இருந்தும் படை பிந்தியது எப்படி என்ற ஐயம் அவரைச் சோறு உண்ண விடவில்லை. நீர் சொட்டி நேரம் காட்டும் நாழிகை வட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தாமே தண்ணீர் வண்டியில் ஏறினார். வண்டி குலுங்கி வட்டில் நீர் முழுதும் அவர் மடியில் கொட்டியது. காளைகளுக்குச் சிரிக்கத் தெரியாதது அவர் நற்பேறு. மறுநாள் வட்டிலை உம் ஊர் வாயிலில் வைத்து, முரசறைந்து படையை அழைத்தார்.

படைக்கொட்டில் மூன்று ஊர்க்கும் சரிநடுவே, கயிறு பிடித்து அளந்த இடத்தில் நிற்கிறது. அதுவோ வெறும் பொட்டல். நீர் நிரப்பி வைத்த தோற்பைகள் உச்சிப்பொழுதுக்குள் வற்றிவிடுகின்றன. ஆகவே படை முதலில் புன்னைவாயில் ஏரிக்கு ஓடி, நீர் நிரப்பிய பிறகே காரையூர்க்குத் திரும்புகிறது. ஒன்றரை நாழிகை ஆயிற்று. அடுத்து, படையை ஏரிக்கரையிலேயே நிறுத்தி அழைத்தார். தொலைவு கூடியும் முக்கால் நாழிகையில் வந்து நின்றது. நம்பாமல் மேலும் இருமுறை ஓட்டினார், அதுவே கண்டார்.

புன்னைவாயில் பக்கம் போனால் படை அவ்வூர்க்கே உரியதாகிவிடும் என்று நீவிர் அஞ்சுவீர். அதை அஞ்சியே நடுவிடம் தேடப்பட்டது. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நின்று, ஓரவஞ்சனை இன்றி நீதி செய்தோம் என்று மகிழ்ந்தவர் பெருநாகனாரே.

ஆகவே கொட்டில் ஏரிக்கரைக்கு மாறுக. படைத்தலைவனைக் காரையூரே தெரிந்தெடுக்க. காரையூர் விலகாது நிற்க. கொற்றிக்குப் புதுத் தறியை அமைச்சரே கொண்டுவருவார். அவள் சொல்வதையெல்லாம் நின்று கேட்பார். இவ்வோலையைச் சுற்றி வரும் கயிறு அன்று அளந்த கயிறு. அதை ஏரிக்கரை வாளியில் கட்டுக. இனியேனும் அது தண்ணீர் இறைக்கட்டும்.

இது தேவியார் கொக்கு முத்திரை பெற்றது. கண்டபடி செய்க.