பன்றிகளுக்குப் போன மிச்சச் சோறு

செவ்வாய்க்கிழமை

கடைகளின் கழிவைக் குறைக்க வழி சொல்வது என் வேலை. நான் சொல்லித்தான் பஸ் நிலையத்தடிச் சாப்பாட்டுக்கடை முதலாளி மிச்சச் சோற்றைப் பசளை உரம் செய்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். இன்று அந்தக் கடை வாசலில் குருநகரிலிருந்து வந்த அக்கா ஒருவர் வெறும் வாளிகளோடு நின்றார். இவ்வளவு காலமும் அந்தச் சோற்றில்தான் அவர் பன்றி வளர்த்திருக்கிறார். நான் அதை விசாரிக்கவே இல்லை.

“ஆரோ வந்து உந்தச் சோத்தைக் கழிவெண்டு சொல்லி மாத்திப்போட்டினமாம். ஆரெண்டு தெரியுமோ, பிள்ளை?”

“தெரியாது, அக்கா” என்றேன்.

“பண்டியள் பசியிலை கத்துதுகள்” என்றுவிட்டு, வாளிகளைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனார்.

நாளை முதலாளியோடு கதைத்தால் சோறு அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அப்போது அவர் எனக்கு நன்றி சொல்வார். அதை நினைக்கத்தான் முடியவில்லை.